மூச்சிழுக்காத முலுக்கிய்யா

காய்ச்சல்காரிக்கு ஒரு வாய் சூடாகக் கொடுக்க ஆளில்லை என்றால் காய்ச்சல்காரியே எழுந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியதுதான், வேறென்ன செய்வது? கெய்ரோவில் ஷுப்ரா பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நபவிய்யா அன்று சாயங்காலம் அதைத்தான் செய்தாள்.

கல்யாணப் பெண்களுக்குத் தலையணை உறை தைத்துப் பிழைப்பவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் ரஃபத் குவைத்தில். ஜலதோஷம் காய்ச்சலாகித் தொண்டையில் இறங்கி, குரலைச் சுத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தது. மத்தியானம் மகன் போன் செய்தான்.

"யம்மா, எப்படி இருக்க? ஹலோ?"

பேசிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"ஒண்ணுமே கேக்கலம்மா. லைன் சரியில்ல. வெள்ளிக்கிழமை கூப்பிடுறேன், உடம்பப் பாத்துக்க."

வைத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. ஆனாலும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மருந்து வேண்டாம், பணிவிடை வேண்டாம். தனக்கு முடியவில்லை என்று உலகத்தில் ஒரு ஜீவனுக்காவது தெரிந்தால் போதும் என்றிருந்தது.

மேல்மாடியில் தெரேஸ் இருந்தாள், அவளும் தனிக்கட்டைதான். கட்டடத்தின் நடுவே கிணறு மாதிரி ஓர் இடைவெளி. எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதைப் பார்த்துத்தான். முன்பெல்லாம் இருவரும் அங்கே நின்றே பொழுதைப் போக்குவார்கள். ஒருநாள் தெரேஸ் காயப்போட்ட கறுப்பு அங்கியின் சாயம் சொட்டி, ஒரு மணப்பெண்ணின் வெள்ளை உறைகள் அத்தனையும் பாழாயின. நபவிய்யா வாய்க்கு வந்தபடி பேசினாள். "அதான் பெத்த பொண்ணே உன்ன வேணாம்னு கனடா போயிட்டா" என்றுகூடச் சொல்லிவிட்டாள். தன் மகன் எங்கே இருக்கிறான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. அதோடு பேச்சு நின்றது.

உலர்த்தி வைத்த முலுக்கிய்யாக் கீரையை உள்ளங்கையில் தேய்த்துத் தூளாக்கினாள். கோழி முதுகெலும்பை வேக வைத்த சாற்றில் அதைத் தூவி, தீயைக் குறைத்தாள். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தாள். பூண்டையும் கொத்தமல்லி விதையையும் இடித்து நெய்யில் போட்டாள். பூண்டு சிவந்தது. அப்போதுதான் நினைவு வந்தது.

தாளிப்பைக் கீரையில் கொட்டும்போது, சமைப்பவள் 'ஹா' என்று ஊரே கேட்க மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீரை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ருசியும் விளங்காது. படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுத் தங்கள் வீட்டில் இழுத்துத்தான் கொட்டுவார்கள். நபவிய்யா இழுக்கும் மூச்சு அந்தக் கட்டடத்துக்கே தெரியும். ரஃபத் சின்னப் பையனாக இருந்தபோது, தெருவில் விளையாடுகிறவன் அதைக் கேட்டு ஓடி வருவான்.

இழுத்தாள். தொண்டை கொர்ரென்றது, அவ்வளவுதான். இன்னொரு முறை முயன்றாள், இருமல்தான் வந்தது. கையில் சட்டி, பூண்டு கருகும் வாசனை. இந்த ஒரு வாய்ச் சோறும் தனக்கு இல்லையா என்று கண்ணீர் வழிந்தது.

மேலே தெரேஸின் ஜன்னல் கிறீச்சிட்டது.

"ஏய் உம்மு ரஃபத், பூண்டு தீயுது. யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற?" ரஃபத்தின் அம்மா என்று, மகன் பேரைச் சொல்லித்தான் தெரேஸ் அவளைக் கூப்பிடுவாள்.

நபவிய்யா கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டினாள்.

"என்ன, வாயத் தொறக்க மாட்டியா? இன்னும் கோபமா?"

மறுபடி தட்டினாள், இருமிக்கொண்டே.

தெரேஸின் குரல் இறங்கியது. "தொண்டை போச்சா? எத்தன நாளா படுத்துக் கெடக்க? அன்னிக்கு அந்தப் பேச்சு பேசின வாய்க்கு இதுவும் வேணும். சரி, கொட்டு. நான் இருக்கேன், கொட்டு."

நபவிய்யா கொட்டினாள். சட்டி சீறிய அதே நொடியில் மேல்மாடியிலிருந்து "ஹா" என்று ஒரு மூச்சு, கட்டடமே அதிர. கீழ்வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

சற்று நேரத்தில் கயிற்றில் ஒரு கூடை ஆடி ஆடி ஜன்னலுக்கு இறங்கியது. உள்ளே இரண்டு எலுமிச்சை. கூடையை வெறுமனே திருப்பி அனுப்பும் வழக்கம் இந்த ஊரில் கிடையாது. தெரேஸ் கறி தொடாத கிறிஸ்துமஸ் நோன்பு முடிந்துவிட்டது, இனி கோழிச்சாறு ஆகும். பேச்சில்லாத நாட்களிலும் நபவிய்யா அந்த நோன்புக் கணக்கை விட்டதில்லை. இருந்ததில் பாதியைக் கிண்ணத்தில் ஊற்றி, மூடி, கயிற்றை அசைத்தாள்.

கூடை மேலே போயிற்று. கரண்டிச் சத்தம் கேட்டது.

"உப்பு கம்மி. காய்ச்சல்ல நாக்கும் செத்துப்போச்சா உனக்கு?"

இதற்கு நபவிய்யாவிடம் நல்ல காரமான பதில் இருந்தது. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இருக்கட்டும். எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு, ஜன்னலைச் சாத்தாமல் சாப்பிட உட்கார்ந்தாள். நாளைக்குத் தொண்டை திறக்கட்டும், அவளைச் சும்மா விடப்போவதில்லை.