மரண அறிவித்தலில் படித்த மொழி

2004 இல் நான் இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரு சினோராவின், அதாவது இத்தாலிக்கார அம்மாவின், வீட்டில் தங்கி வேலை செய்தேன். வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. வந்த அன்றே அவள் என் பாஸ்போர்ட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். வேலைக்காரியின் பாஸ்போர்ட் முதலாளியிடம்தான் இருக்க வேண்டும், அதுதான் இந்த நாட்டுச் சட்டம், வீட்டை விட்டுப் போனால் பொலிஸ் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. காலையில் பாண் வாங்கவும் நாயை நடக்கக் கூட்டிப்போகவும் மட்டும் கதவு திறக்கும்.

மேல்வீட்டில் வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் குப்பை போடும் இடத்தில் சந்திப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நான் இஞ்சை அடிமை" என்றேன். அவள் பதறிப்போனாள்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. வேலை எண்டு சொல்லுங்கோ."

"வேலை எண்டால் விட்டிட்டுப் போகலாம். எனக்குப் போகேலாது. அப்ப இதுக்கு என்ன பேர்?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று சினோரா முடிவுகட்டியிருந்தாள். ஊரில் பத்தாம் வகுப்புவரை படித்தவள் நான். இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். இத்தாலி மொழிக்கும் அதே எழுத்துத்தான். பொருள்தான் பிடிபடவில்லை. படித்துக் காட்டுகிறேன் பார் என்று ஒரு வீம்பு வந்தது.

புத்தகத்துக்கு எங்கே போவது? பாண் கடைச் சுவர்தான் கிடைத்தது. பலேர்மோவில் ஆள் செத்தால் கறுப்புக் கரை போட்ட தாளில் அச்சடித்துத் தெருச்சுவரில் ஒட்டுவார்கள். நாங்களோ பேப்பரை எடுத்தால் மரண அறிவித்தலை முதலில் வாசிக்கிற சனம். அன்னார் இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இறுதிக்கிரியை இத்தனை மணிக்கு. அந்த வரிசை எனக்கு மனப்பாடம். சுவரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, மனைவி எது, மக்கள் எது, துயரம் எது என்று ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. யாராவது செத்தால் எனக்குப் புதுப் பாடம். பாவம்தான், ஆனாலும் காலையில் சுவரைத்தான் பார்ப்பேன்.

ஒருநாள் அங்கே வேறொரு தாள். செத்தது யார் என்று தேடினேன், பெயரே இல்லை. துடைப்பம் பிடித்த ஒரு பெண்ணின் படம்; வீட்டு வேலை செய்பவர்களுக்காக ஏதோ தொழிற்சங்கம் ஒட்டியது. பாஸ்போர்ட் என்ற சொல் தெரிந்தது. முதலாளி என்ற சொல்லும் தெரிந்தது. அவற்றுக்கு முன்னால் 'நெஸ்ஸூனோ' என்ற சொல். அதைச் சினோராவின் வாயிலிருந்தே கற்றிருந்தேன். நான் நிலம் துடைத்துக்கொண்டு நிற்கும்போதே, வீட்டில் நெஸ்ஸூனோ, ஒருவருமில்லை என்று தொலைபேசியில் சொல்வாள். சொற்களைக் கூட்டிப் பார்த்தேன். வேலையாளின் பாஸ்போர்ட்டை ஒருவரும் வைத்திருக்கக் கூடாது, முதலாளியும் கூடாது. அவள் சொன்ன சட்டம் பச்சைப் பொய். நேரே வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டில் சினோராவும் அவளுடைய தங்கையும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மரியாதையாகப் பேச எனக்குத் தெரிந்த இத்தாலி மொழி சாவு வீட்டு மொழி மட்டும்தான். நிமிர்ந்து நின்று, "கொன் தொலோரே அன்னுன்சியோ" என்று தொடங்கினேன். ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது, நான் இந்த வீட்டை விட்டுப் போகிறேன், என் பாஸ்போர்ட்டைத் தாருங்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தங்கை நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டாள்.

"இதையெல்லாம் உனக்கு யார் சொல்லித் தந்தது? மேல்வீட்டுக்காரியா?" என்று சினோரா கத்தினாள்.

"ஒருவரும் சொல்லவில்லை. நானே வாசித்தேன்."

"நீயா?"

"நான்தான்."

பொலிஸைக் கூப்பிடுவேன் என்றாள். கூப்பிடுங்கள், சுவரில் இருப்பதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். சினோரா வெடுக்கென்று எழுந்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை என் காலடியில் விட்டெறிந்தாள்.

எழுத்துள்ள தாள் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவள் நான். குனியப் போனேன். ஆனால் அந்த வீட்டு நிலத்தில் விழுந்ததையெல்லாம் இவ்வளவு காலமும் குனிந்து பொறுக்கியதும் நான்தான். அடக்கிக்கொண்டு நின்றேன்.

"எடுத்துக் கையில் தாருங்கள்" என்றேன்.

தங்கை எழுந்தாள். "நீங்கள் இருங்கள்" என்றேன்.

சினோரா குனிந்தாள்.