வாசலில் நிற்கட்டும் தூண்டில்கள்

எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சாமிப்படம் இல்லை, தூண்டில்கள்தான். சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்து மூலையில் என்னுடைய நீளமான கறுப்புத் தடியும், அதன் பாதி உயரத்தில் ஒரு பச்சைத் தடியும் நிற்கும். நொஷாட்டல் ஏரி நகரத்தில் முதியோர் இல்லத்து வேலை கிடைத்து, வெள்ளிக்கிழமைகளில் ஓய்வும் கிடைத்த காலத்திலிருந்து நான் ஏரிக்கரையில் மீன் பிடிக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நான் கடற்கரையில் பிறந்தவள் அல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு மீன் சைக்கிளில் வரும், படலையடியில் வாங்குவோம், அவ்வளவுதான். தூண்டிலை முதலில் தொட்டதே இங்கே, ஒரு கடையின் மலிவு விற்பனைத் தட்டில். ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஆசையாக இருந்தது, வாங்கினேன். முதல் நாள் முள் என்னுடைய குளிர் ஜாக்கெட்டில்தான் கொழுவியது. அடுத்த கிழமை ஒரு பெர்ஷ் வந்தது. உடம்பெல்லாம் வரிவரியாக இருக்கும் இந்த ஏரி மீன் அது. சந்தை மீனைத் தூக்குவதுபோல் இறுக்கிப் பிடித்தேன், முதுகு முள் உள்ளங்கையில் ஏறியது. இரத்தம் வடிய வடியக் கரையில் தனியாக நின்று சிரித்தேன். அப்படி ஒரு சந்தோசம். அகதி விண்ணப்பம், வதிவிட அனுமதி என்று இந்த நாட்டில் எத்தனை மேசைகளுக்கு முன்னால் கைகட்டி நின்றிருப்பேன். மீன்பிடி அனுமதி ஒன்றைத்தான் நிமிர்ந்து நின்று வாங்கினேன்.

மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்தப் பச்சைத் தடியை அவளுக்கென்று வாங்கினேன். அவள் பிடித்த முதல் மீன் அளவு காணாது, சட்டப்படி திருப்பி விட வேண்டும். விட்டோம். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதாள். பதின்மூன்று வயதில் ஒரு நாள் வகுப்புப் பிள்ளைகள் கரையால் போகும்போது எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். அன்றைக்குத் தடியை மூலையில் வைத்தவள் பிறகு தொடவில்லை. நான் அவளைக் கூப்பிடவுமில்லை, தடியை எறியவுமில்லை.

எங்கள் சனத்துக்கு என்னுடைய மீன் பிடிக்கும், நான் மீன் பிடிப்பதுதான் பிடிக்காது. ஓர்லிகோனில் இருக்கும் மச்சாள், என் கணவரின் அக்கா, இதில் முதல் ஆள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். பிடித்த மீனைத் துப்புரவாக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, முழுகி, விளக்கேற்றி, பருப்பும் கீரையும் சாப்பிடுவேன்.

"விளக்கேத்திற கையாலை வெள்ளிக்கிழமையிலை மீனோ?" என்பாள்.

"கையைக் கழுவிப்போட்டுத்தான் ஏத்திறன்" என்பேன்.

சனிக்கிழமை அதே மச்சாள் வெறும் ஐஸ்கிரீம் பெட்டிகளோடு வந்து இறங்குவாள். வெட்டின மீனை நிரப்பிக்கொண்டு போவாள்.

மகளுக்குச் சம்பந்தம் பேசியதும் அவள்தான். பெடியன் மகளோடு ஒன்றாகப் படித்தவன். இருவருக்கும் விருப்பம். தாய் தகப்பன் ஓல்டன் பக்கம், திரிம்பாக் கோயிலில் முன்னுக்கு நிற்கிற ஆட்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. மச்சாள் போன் எடுத்தாள்.

"இஞ்சரும், அந்தத் தடியளை ஒருக்கால் கீழை நிலவறையிலை வையும். ஊரிலை ஆர் தூண்டில் போட்டவை எண்டு அவையளுக்குத் தெரியும். எங்களையும் அந்த ஆக்கள் எண்டு நினைச்சிடுவினம்."

சாதியைத்தான் சொன்னாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அந்த ஆக்கள் பிடிச்ச மீனைத் திண்டுதானே நீங்களும் நானும் வளந்தனாங்கள், மச்சாள்" என்று சொல்லி போனை வைத்தேன்.

ஆனால் பயம் இருந்தது. என்னுடைய பிடிவாதத்தால் பிள்ளையின் கலியாணம் குழம்பினால்? ஒளித்தால் என்ன குறைந்துவிடும் என்றும் யோசித்தேன். இந்த ஒரு நாள் ஒளித்தால் அவர்கள் வரும் ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒளிக்க வேண்டும். சாகும்வரை சம்பந்தி வீட்டாருக்குப் பயந்து மீன் பிடிக்க என்னால் ஏலாது.

ஞாயிறு காலை மூலை வெறுமையாகக் கிடந்தது. கணவர் எனக்குச் சொல்லாமல் நிலவறைக்குக் கொண்டுபோய்விட்டார். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே இறங்கி இரண்டு தடியையும் மேலே கொண்டுவந்து நிறுத்தினேன்.

"பிள்ளையை யோசியும்" என்றார் அவர்.

குசினி வாசலில் நின்று மகள் பார்த்தாள்.

மச்சாளோடு வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றும்போதே பெடியனின் தாய் கண்டுவிட்டா.

"ஆர் தூண்டில் போடுறது?"

"நான்தான்" என்றேன்.

"நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டா. எங்கள் ஆட்கள் எதற்காக இப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"கடல் இல்லாத பக்கம்" என்றேன். "கடற்கரையிலை பிறந்திருந்தால் இன்னும் கெட்டித்தனமாய்ப் பிடிச்சிருப்பன்."

மச்சாள் நிலத்தைப் பார்த்தாள். அந்த மனுசி விடவில்லை. பச்சைத் தடியைக் காட்டி, "அப்ப இந்தச் சின்னது?" என்றா.

கணவர் அவசரமாக, "அது சும்மா, விளையாட்டுச் சாமான்" என்று தொடங்கினார்.

மகள் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள். "இல்லை, அப்பா. அது என்ரை தூண்டில்" என்றாள். "தேத்தண்ணி எடுங்கோ, மாமி."

தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பினார்கள். படியிறங்கும்போது பெடியன் மட்டும் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். மச்சாள் என்னோடு கதைக்காமலே போய்விட்டாள். ஐஸ்கிரீம் பெட்டிகளை மட்டும் மறக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு ஏரிக்கு வந்தாள். பச்சைத் தடி அவளுக்கு இப்போது இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். புதிதாக ஒன்று வாங்குவோம் என்றேன், வேண்டாம் என்றாள். கனநேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னும் ஒரு பதிலும் வரேல்லை, பிள்ளை" என்றேன்.

அவள் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வராட்டி அவைக்கு மீன் இல்லை, அம்மா. நீங்கள் தடியை நேராய்ப் பிடியுங்கோ."