செகண்ட்ஹேண்ட் சார்

"புதுசு வேணாம்பா. மேல ஓடிக்கிட்டிருக்கு பாரு, அதைக் கழட்டிக் குடு."

கடைக்காரர் விழிக்கிறார். பெட்டி பிரிக்காத மின்விசிறி மேசைமேல் இருக்க, காட்சிக்காக மாதக்கணக்கில் கூரையில் சுற்றித் தூசி படிந்துபோனதைத்தான் இவர் கேட்கிறார். அதுவும் முழு விலைக்கு. கூட வந்த மனைவி, இந்த மனிதர் யாரென்றே தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பாவம், கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் வீட்டுக்குள் ஒரு புதுப்பெட்டி நுழைந்ததில்லை.

இவருக்கு உத்தியோகம் காற்றாலைக் கம்பெனியில். எந்த இயந்திரம் எப்போது கெடும் என்று கணக்குப் போடுவது. புதிதாக வந்தது திடீரென்று படுத்துக்கொள்ளும். அந்தக் கண்டத்தைத் தாண்டியது வருடக்கணக்கில் உழைக்கும். கிழடானால் மறுபடி தொல்லை. இதைக் கோடாக வரைந்தால் குளியல் தொட்டியை நெடுக்கே அறுத்ததுபோல் இருக்கும். காகிதத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஸ்கூட்டர், சலவை இயந்திரம், சுவர்க்கடிகாரம் என்று வீட்டில் இருப்பதெல்லாம் யாரோ ஓட்டிப் பார்த்தவை. 'செகண்ட்ஹேண்ட் சார்' என்று கேட்டால் எங்கள் ஆபீஸ் வாட்ச்மேனே இவர் மேசையைக் காட்டிவிடுவார்.

மகள் விரும்பிய பையன் ஏற்கெனவே விவாகரத்தானவன். உறவுக்காரர்கள் குதித்தார்கள். இவர் மட்டும், "ஒருதரம் அடிபட்டு எழுந்தவன்யா, இனிமே கெட மாட்டான்" என்று முன்னால் நின்று முடித்துவைத்தார்.

புதுக் காற்றாலைகள் வந்தபோது முதலாளி திறப்பு விழாவுக்கு அவசரப்பட்டார். "ஆறு மாசம் போகட்டும் சார், கண்டம் தாண்டட்டும்" என்றார் இவர். யார் கேட்டார்கள்? முதலாளி மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்று கடகடவென்று கத்திவிட்டு நின்றுபோனது. அன்றிலிருந்து முதலாளிக்கு இவர் கருநாக்குக்காரர். கணக்கு பலித்ததற்குக் கிடைத்த பட்டம். உள்ளூர இவருக்குக் கொஞ்சம் பெருமைதான்; பக்கத்து மேசைக்காரனான எனக்குத் தெரியாதா?

போன வாரம் மகளுக்குக் குழந்தை பிறந்தது, நாள் நிறைவதற்கு வெகு முன்பே. கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவு உடம்பு, அதைச் சுற்றிக் குழாய்கள். நான் போனபோது இவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

மனைவி மெல்லக் கேட்டார். "ஏங்க, உங்க கணக்குல பாத்துச் சொல்லுங்களேன். பொழச்சுக்கும்ல?"

"சும்மா இரு. பச்சைக் குழந்தைக்கு எவனாவது கணக்குப் போடுவானா?"

அந்தக் குளியல் தொட்டிக் கோட்டின் முதல் சரிவு எவ்வளவு செங்குத்து என்று அங்கே இருந்தவர்களில் இவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

டாக்டர் வந்தார். இவருடைய தொழிலை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தன் பாஷை பேசும் ஆள் கிடைத்த உற்சாகம் அவருக்கு.

"சார், நீங்க புள்ளிவிவரத்துல ஊறினவர். உங்ககிட்ட பூசி மெழுக வேண்டியதில்ல. இந்த எடையில பொறக்கிற குழந்தைங்கள்ல நூத்துக்கு..."

இவர் இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டார்.