அப்பா தின்னாத பலாச்சுளை

அப்பாவுக்குச் சர்க்கரை. திண்டிவனம் வீட்டில் விரலில் குத்தி மெஷினில் பார்த்து, விழுப்புரத்தில் வேலை செய்யும் எனக்கு போனில் அளவைச் சொல்வார். வீட்டில் பலாப்பழம் வாங்கியிருந்த ஒருநாள் மதியம் நானூற்றுப் பன்னிரண்டு என்றார். தூக்கிவாரிப் போட்டது.

"பலாப்பழம் தின்னீங்களாப்பா?"

"ஒங்கண்ணன் புள்ளைங்களுக்கு உரிச்சிக்கினு இருந்தேன். நான் ஒண்ணுகூடத் தின்னலம்மா."

நான் நம்பவில்லை, திட்டினேன். மெஷின் பொய் சொல்லுமா என்ன? டாக்டரைக் கேட்காமலே, இன்சுலினை எட்டு யூனிட் கூட்டிப் போடச் சொன்னேன்.

முக்கால் மணி நேரத்தில் அம்மா போனில் அலறினார். "ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துதுடி, பேச்சு கொழறுது!"

"சர்க்கர ரொம்ப எறங்கிப்போச்சி போல, சர்க்கரத் தண்ணி குடுத்து, ஜல்தியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போம்மா!" என்று கத்திவிட்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டியும் அம்மா போனை எடுக்கவில்லை.

நல்லவேளை, அப்பா பிழைத்துக்கொண்டார். நர்ஸ் ஒன்றுதான் கேட்டார்: "கையக் கழுவிட்டா குத்துனாரு?"

துண்டில் துடைத்திருக்கிறார், அவ்வளவுதான். விரலில் ஒட்டியிருந்த பலாச்சாற்றையும் சேர்த்து மெஷின் அளந்திருக்கிறது.

இப்போதெல்லாம் அளவு எகிறினால், சோப்பு போட்டுக் கழுவி மறுபடி குத்தச் சொல்கிறேன். டாக்டரைக் கேட்காமல் ஒரு யூனிட்கூடக் கூட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், "தின்னலம்மா" என்று அப்பா சொன்னால் நம்புகிறேன்.