மூச்சக்காவும் பெரிய துகளும்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூச்சக்கா என்றுதான் பேர். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, உலோகத் தகட்டிலுள்ள, தலைமுடியில் பாதிப் பருமன்கூட இல்லாத துளைக்குள் இரும்புத் துணுக்கையும் மாணிக்கத் துகளையும் ஊசிமுனையால் இறக்கும்போது அவள் மூச்சு விடமாட்டாள். பக்கத்தில் நிற்பவர்களும் விடக்கூடாது. யாராவது தும்மினால் அன்றைய வேலைக்கு முழுக்குத்தான். "தூசி பொறுக்கக் கிளம்பியாச்சா?" என்று வீட்டுக்காரர் தினமும் கிண்டலடிப்பார். பொறுக்கித்தான் பாருங்களேன் ஐயா, தெரியும்!

துளைக்கு மேலே ஒரு வைரம், கீழே ஒரு வைரம். திருகாணியை முடுக்க முடுக்க இரண்டும் நெருங்கி, நடுவில் மாட்டிய இரும்பைப் படாதபாடு படுத்தும். அழுத்தம் எவ்வளவு என்பதை, லேசர் பட்டு மாணிக்கம் விடும் சிவப்பு ஒளியே சொல்லிவிடும். பூமிக்கடியில் மூவாயிரம் கிலோமீட்டரில் இரும்பு என்ன பாடுபடும் என்று அங்கே போயா பார்க்க முடியும்? இந்த மேசையில்தான் பார்க்கவேண்டும்.

அன்றைக்குக் கையிலிருந்தது கடைசி ஜோடி வைரம். அழுந்திய இரும்பைச் சோதிக்கும் எக்ஸ் கதிர் இயந்திரத்தில், ஆறு மாதம் காத்திருந்து கிடைத்ததோ ஒரே ஒரு பகல். அவள் துகள்களை அடைத்து, வைரக் கருவியை மூடிக் கொடுத்தாள். பேராசிரியர் வாங்கிக்கொண்டு நாலு எட்டு வைத்துவிட்டார். அப்போதுதான் அவள் விரலுக்கு உறைத்தது. திருகாணி கால் சுற்று முன்னதாகவே இறுகியிருந்தது. மாணிக்கத் துகள் பெரிதாகப் போய்விட்டதோ? அப்படியானால் அது இரண்டு வைரத்துக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கும். மேலும் முடுக்கினால் வைரம் பிளந்துவிடும்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வைரம் உடைவது அங்கே சகஜம், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை.

"சார், அதைக் குடுங்க. திறக்கணும்."

"விளையாடறீங்களா? மூணு மணி நேரம் போயிடும்."

"வைரம் போயிட்டா நேரத்தை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?"

அவர் எரிந்து விழுந்தார். இருந்தாலும் கொடுத்தார். திறந்து பார்த்தால் அவள் பயந்தபடியேதான் இருந்தது. துகளைப் பொறுக்கியது அவள்; தப்பும் அவளுடையதே. முதலிலிருந்து ஆரம்பித்து மறுபடி மூடினாள்.

சாயங்காலம் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் பதினான்கு லட்சம் மடங்கைத் தாண்டியது. அந்தக் கூடம் அதுவரை தொட்டிராத அளவு. வைரத்தில் கீறல்கூட இல்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் கத்தியதை நினைத்துச் சங்கடப்பட்ட பேராசிரியர் குறிப்பேட்டை எடுத்தார்.

"திறந்ததுக்குக் காரணம் கருவிக் கோளாறுன்னு எழுதிடறேன்க்கா. உங்க பேரு எதுக்கு?"

"கோளாறெல்லாம் இல்ல சார். தப்புப் பண்ணினதும் நான், கண்டுபிடிச்சதும் நான். ரெண்டையும் எழுதுங்க."