இரண்டாம் இடம் வரை

எழுபதுகளின் நடுவில் எனக்கு நிச்சயம் நடந்தது. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அன்று முழுக்க ஒரே பாட்டு. அந்த வருடம் வந்த படப்பாட்டு. மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் சித்தூர்ப் பக்கம் காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் அதுதான். மூன்று வாரம் கழித்துப் பொள்ளாச்சிக்கார மாப்பிள்ளை வீட்டார், மலையாளத்தில் படித்த பெண் தங்களுக்குச் சரிப்படாது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். பெண் பார்க்க வந்து வடையைத் தின்றபோது தெரியாத மலையாளம் அப்புறம்தான் தெரிந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ரேடியோ கட்டாயம் உண்டு. கடல் தாண்டி வரும் தமிழ் ஒலிபரப்பில் அந்த வாரத்தின் பத்துப் பாட்டுகளைப் பத்தாம் இடத்திலிருந்து மேலே வரிசையாகப் போடுவார்கள். அந்தப் பாட்டு முதல் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மழை ஓய்ந்து, கடலை பிடுங்கி, காடு காலியான பிறகும் இறங்கவில்லை.

இரண்டாம் இடத்துப் பாட்டு முடிந்ததும் அப்பா எழுந்துபோய் நிறுத்திவிடுவார். "பேட்டரி வீணாப் போகுது" என்பார். அம்மா உடனே எருமையைப் பற்றி ஏதாவது ஆரம்பிப்பாள். அண்ணன் பாட்டுப் பைத்தியம். "ஒரு சோலி இருக்குதுங்கம்மா" என்று முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு முக்கு டீக்கடைக்குப் பறந்திருப்பான், முதல் பாட்டைக் கேட்க.

என்னை யாரும் கேட்கவில்லை. அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். மாப்பிள்ளையைத்தான் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆத்திரமாக வரும். அந்த வீட்டில் பழையபடி ஒரு ஆளாக இருக்க வேண்டும், நோயாளியாக அல்ல. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. மூன்றாம் இடத்துப் பாட்டு முடிந்தது. இன்னும் ஒன்று பாக்கி என்ற தைரியத்தில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு புதுப்பாட்டு மேலே ஏறியிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் இடம் என்று சொல்லி அந்தப் பாட்டையே போட்டுவிட்டார்கள்.

அப்பா எழுந்த வேகத்தில் சொம்பு உருண்டது.

"உடுங்கப்பா," என்றேன். "பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"இல்ல அம்முணி, உனக்கு..."

"எனக்கு ஒண்ணுமில்லீங்கப்பா. கேக்கோணும்."

அப்பா எச்சில் கையோடு அப்படியே நின்றார். நான் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டே கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இனி எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே இன்னொரு கரண்டி ரசம் விட்டுக்கொண்டேன்.

சரணம் வந்தபோது அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஸ்பீக்கர்காரங்கிட்ட இதையே போடச் சொன்னது நாந்தான், அம்முணி. அன்னைக்கு எனக்கு அத்தன சந்தோசம்," என்றாள் அம்மா.

பாட்டு இன்னும் பாதி பாக்கி இருந்தது. நானே எழுந்துபோய் ரேடியோவை நிறுத்தினேன்.