பாதிக்கு மேல் ஐரோப்பா

போன வாரம் நான் ஐரோப்பியன் ஆனேன்.

சிரிக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த தாள் அப்படித்தான் சொல்கிறது. பாதிக்கு மேல் ஐரோப்பா, மிச்சத்தில் பெரும்பகுதி கிழக்காசியா. எங்களுடையது பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். என் முன்னோர் யாரும் வரப்பைத் தாண்டிப் போனதாகவே தகவல் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்தான்; ஆனாலும் எனக்கும் பிரான்சுக்கும் உள்ள ஒரே தொடர்பு, காலையில் வாங்கும் ரொட்டி!

வினை முசேயிடமிருந்து ஆரம்பித்தது. முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அந்துவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் வேறு. 'முசே' என்றால் பிரெஞ்சில் ஐயா, நான் அப்படித்தான் கூப்பிடுவேன். குடும்பப் பெயரும் பிரெஞ்சுதான். மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் பிரான்சில்... வந்து போய் நான்கு வருடமாகிறது. என் கதையும் ஏறக்குறைய இதேதான் — பிரான்சுக்குப் பதில் மும்பை, மகளுக்குப் பதில் மகன்.

ஆகவே தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் பொட்டானிக்கல் கார்டனில் நடப்போம். பல நாட்களில் நான் வாயைத் திறந்து பேசுவதே அந்த ஒரு மணி நேரம்தான். டி.வி.யைத் திட்டுவதைச் சேர்க்கவில்லை.

முசேக்கு ஒரு நம்பிக்கை. கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக் கப்பல் கேப்டன் என்று. பிரான்சில் தன் குடும்பப் பெயர் உள்ளவர்களின் முகவரிகளை ப்ரவுசிங் சென்டரில் தேடி எடுத்து, 'நான் உங்கள் உறவினன்' என்று கடிதம் எழுதுவார். ஒரே ஒரு பதில் வந்தது. 'இந்தியாவில் எங்களுக்கு யாரும் இல்லை, உங்கள் நலத்துக்கு வாழ்த்துகள்.'

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பெயர் வந்த வழி பலருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் பிரெஞ்சு சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள், சாதி வழக்கத்தை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயரைப் பதிந்துகொண்டார்கள். பிடித்த பெயர் எதுவானாலும் சரி. இதைச் சொன்னால் முசே ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அது மத்தவங்க எடுத்துக்கின பேரு தம்பி. எங்களுது தானா வந்த பேரு."

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகளிடம் போனில் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் டி.என்.ஏ. டெஸ்ட் கிட் இரண்டு அனுப்பிவிட்டாள். கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் தேய்த்து அனுப்ப வேண்டும். அவருக்குத் துணையாக நானும் தேய்த்தேன்.

முதலில் வந்தது முசேயின் ரிசல்ட். பாதிக்கு மேல் ஐரோப்பா! மனிதர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா தம்பி? எனக்கும் ஆளுங்க இருக்காங்க."

ரிசல்டை ஜெராக்ஸ் எடுத்தார். பன்னிரண்டு பேருக்குப் புதிதாகக் கடிதம் எழுதி, கவரும் ஒட்டினார்.

வியாழக்கிழமை என்னுடையது வந்தது. அவரைவிட எனக்கு ஐரோப்பா அதிகம்!

எங்கோ இடித்தது. கூடவே வந்த குறிப்பைப் பொறுமையாகப் படித்தேன். இந்த டெஸ்ட் யாருடைய தாத்தாவையும் தேடுவதில்லை. அவர்கள் கையில் இருக்கும் மாதிரிகளோடு நம்முடையதை ஒப்பிட்டு, எதற்கு எவ்வளவு கிட்டே என்று சதவீதம் போடுகிறது. மாதிரிகளோ நான்கே வகை — ஐரோப்பா, ஆப்பிரிக்கா, கிழக்காசியா, அமெரிக்கப் பூர்வகுடி. நமக்கென்று ஒரு பெட்டியே கிடையாது! என்ன செய்வார்கள்? நம்மைப் பிய்த்து, இருக்கிற பெட்டிகளில் போட்டுவிட்டார்கள்.

விவரமான மனிதன் இந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்திருப்பான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு முசே வீட்டுக்கு ஓடினேன்.

"முசே, உங்களவிட எனக்கு ஜாஸ்தி வந்திருக்குது! அப்ப எங்க தாத்தாவும் கேப்டனா?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்பை இரண்டு முறை படித்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, புரிந்துவிட்டது.

"சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். "அப்ப இந்த லெட்டருங்க?"

"போஸ்ட் பண்ணாதீங்க முசே. படிச்சிட்டு சிரிப்பாங்க."

பன்னிரண்டு கவரையும் ஒன்றாகத் தட்டி அடுக்கி, டிராயரில் வைத்து மூடினார்.

"நீ கெளம்பு தம்பி. எனக்குக் கொஞ்சம் தல வலிக்குது."

அன்று சாயங்காலம் அவர் நடக்க வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கதவைத் தட்டினேன். முட்டி வலி என்றார், பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி. உள்ளே வா என்று சொல்லவில்லை.

இப்போது தனியாகத்தான் நடக்கிறேன். தோட்டம் திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு சுற்றுக்கு மேல் கால் போக மறுக்கிறது. வீட்டுக்குத் திரும்பினால் அங்கேயும் யாரும் இல்லை. நான் சொன்னதில் தப்பு இருக்கிறதா? எழுத்துக்கு எழுத்து உண்மை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்கு அவர் மேஜையில் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எண்கள் ஏறக்குறைய ஒன்று. 'நம்ம ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கோமே முசே, சொந்தமாத்தான் இருப்போம்' என்று சிரித்திருக்கலாம். ஆள் வேண்டும் என்று ஏங்கிய மனிதரிடம், அதைவிட்டு, எனக்கு ஜாஸ்தி என்று போய் நின்றேன். எனக்கும்தானே யாரும் இல்லை? அது ஏன் அப்போது தோன்றவில்லை?

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை முசே வாராவாரம் படிப்பவர், தப்பைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டுபவர்.

முசே... இந்த வாரம் எத்தனை வட்டம்? நேரில் வந்து சொல்லுங்களேன்.